பாதி படித்து எழுதிய தீர்ப்பு

ஜும்பா லஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை ஒரே வாதத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது: மேற்கில் மயங்கிய பிள்ளை, தகப்பன் இறந்ததும் புத்தி தெளிந்து வேருக்குத் திரும்புகிறான். நாவலின் பிற்பகுதியைப் படிக்காமல் விட்டால் மட்டுமே இப்படி எழுத முடியும்.

அப்பா போனபின் நாவலின் நாயகன் கோகோல், அமெரிக்கக் காதலி மாக்சினைப் பிரிகிறான். அம்மா கைகாட்டிய வங்காளிப் பெண் மௌஷுமியைக் கட்டிக்கொள்கிறான். கட்டுரை அதோடு நின்றுவிடுகிறது. அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று? மௌஷுமிக்கு திமித்ரி என்பவனோடு உறவு ஏற்படுகிறது, கல்யாணம் விவாகரத்தில் முடிகிறது. ஒரே மொழியும் ஒரே உறவுக்கூட்டமும் அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. வேர்தான் மருந்து என்று நம்புகிற எழுத்தாளர் இந்த அத்தியாயங்களை எதற்கு எழுதவேண்டும்?

பெயர் விஷயத்தில் கட்டுரையாளர் இன்னும் மோசமாகச் சறுக்குகிறார். 1961 ரயில் விபத்தில் இடிபாட்டுக்குள் கிடந்த அப்பா அசோக்கின் கையிலிருந்து ருஷ்ய எழுத்தாளர் கோகோலின் புத்தகத் தாள் ஒன்று விழுந்ததால்தான் மீட்க வந்தவர்கள் அவரைக் கண்டார்கள். அந்தப் பெயரைத்தான் மகன் சுமந்தான். வெறுத்துப்போய் 18 வயதில் சட்டப்படி அவன் மாற்றிக்கொண்ட பெயர் நிகில். அதுதான் வங்காளிப் பெயர்! ‘மேற்கில் மயங்கியவன்’ செய்கிற காரியமா இது?

கிளீவ்லாந்தில் அப்பா தனியாக வாடகைக்கு இருந்த வீட்டை ஒழிக்கப் போகிறவன், ராத்திரி அங்கேயே படுக்கிறான். அந்த வீட்டை ஆளில்லாமல் விட அவனுக்கு மனசு வரவில்லை. அங்கே அவன் தேடுவது, உடன் இருந்தும் தான் சரியாக அறியாத ஒரு மனிதரை. அதற்குக் கிழக்கு என்று பெயர் சூட்டுவது அந்தத் துக்கத்துக்குச் செய்யும் அநியாயம்.

கோகோலின் அம்மா ஆஷிமாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 1968இல் கேம்பிரிட்ஜில் நிறைமாதக் கர்ப்பிணியாக ரைஸ் கிரிஸ்பீஸ், வேர்க்கடலை, வெங்காயம் கலந்து கொல்கத்தாத் தெருவோரப் பண்டத்தின் ருசிக்கு ஏங்கியவள், கடைசியில் வீட்டை விற்றுவிட்டு ஆறு மாதம் இந்தியாவில், ஆறு மாதம் அமெரிக்காவில் என்று தானே முடிவெடுக்கிறாள். மகனைவிட அதிகம் வளர்ந்தவள் அவள்தான்.

அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளை ‘எப்போது நம் பக்கம் வருவாய்’ என்று நச்சரிப்பவர்களுக்கு அந்தக் கட்டுரை ஆயுதமாகும். வாசகர்களே, அதை நம்புமுன் நாவலைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்.