யானைத் தந்தத்துல எலும்புக்கூடு செய்யச் சொன்ன மகாராஜா

1/ டார்கேரியன் வம்சத்துல யாருக்குப் பிறகு யார் அரியணை ஏறினாங்கன்னு மூச்சு விடாம சொல்ற தம்பிகள் எனக்குத் தெரியும். சரி, நம்ம நாஞ்சில் நாட்டை ஆண்ட திருவிதாங்கூர் வம்சத்துல சுவாதித் திருநாளுக்கு அடுத்து யாரு? பெரும்பாலும் பதில் வராது. அவரைப் பத்திதான் இந்த இழை.

2/ பேரு உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. சுவாதித் திருநாளோட தம்பி. 1846 டிசம்பர்ல அண்ணன் இறந்த பிறகு அரசரானார், 1860 வரை ஆண்டார். அண்ணனுக்கு சங்கீதம் பேர் வாங்கிக் கொடுத்துச்சு. எட்டுவீட்டுப் பிள்ளைமாரை அடக்கின பழைய மார்த்தாண்ட வர்மா பேரு இன்னும் பெருசு. அதே பேரு வச்ச இவர் நடுவுல மறைஞ்சு போயிட்டார்.

3/ மருத்துவர்களுக்கு இவரைப் பிடிக்கும். ஆங்கில மருத்துவத்துல அவ்வளவு ஆர்வம். உடற்கூறு படிக்க எலும்புக்கூடு வேணும். ஆனா மனுஷ எலும்பு தீட்டு. அதனால யானைத் தந்தத்துல ஒரு எலும்புக்கூடு செய்ய வச்சுப் படிச்சார்! 1851 லண்டன் கண்காட்சிக்கு தந்த சிம்மாசனம் அனுப்பினதும் இவர் காலத்துலதான்.

4/ இது குடும்ப வழக்கம்னே சொல்லலாம். இவரோட அம்மா ராணி கௌரி லட்சுமி பாய், 1813 வாக்குல அம்மை குத்துறதைத் திருவிதாங்கூர்ல கொண்டுவந்தாங்க. மக்கள் பயந்தாங்க. அதனால முதல்ல அரச குடும்பத்துக்கே குத்திக் காட்டினாங்க.

5/ இதுவரைக்கும் நல்ல கதை. இப்போ அரண்மனைக்கு வெளியே வாங்க. அதே ராஜ்யத்துல, நம்ம ஊர்கள்ல, நாடார் பெண்கள் தோள்ல சீலை போட்டா தெருவுல வச்சுக் கிழிச்சாங்க. 1829 அரச உத்தரவே அதைத் தடுத்துச்சு. 1858, 59-ல கலவரம் முத்தி வீடுகளும் வழிபாட்டு இடங்களும் எரிஞ்சது.

6/ 1859 ஜூலை 26-ல அரசர் உத்தரவு போட்டார்: மார்பை மறைச்சுக்கலாம். ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது! அதுவும் சும்மா வரலை. பெண்கள் பல வருஷமா அடிபட்டுப் போராடினதாலயும், சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கினதாலயும் வந்தது. 1855-ல அடிமை முறையை ஒழிச்சதும் இதே அரசர்தான்னு நேர்மையா சேர்த்துச் சொல்லணும்.

7/ என் கருத்து இதுதான். உடம்புல எத்தனை எலும்புன்னு தெரிஞ்சுக்கிறது ஒரு அறிவு. அந்த உடம்புக்குள்ள மானம் உள்ள ஒரு ஆள் இருக்கார்னு தெரிஞ்சுக்கிறது வேற அறிவு. முதலாவது இருந்தா ரெண்டாவது தானா வந்துடாது. அந்த ரெண்டாவது பாடத்தை இந்த மண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது அரண்மனை இல்லை, தோள்சீலைக்காக அடி வாங்கின பாட்டிமார்.

8/ இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. திரை இல்லாத வார்டுல, ஒரு வார்த்தை கேட்காம நோயாளியோட சேலையை விலக்குற பழக்கம் இன்னைக்கும் இருக்கு. நீங்க கேட்கலாம்: "டாக்டர், திரையை இழுத்து விடுங்க." "எதுக்குத் தொடுறீங்கன்னு சொல்லிட்டுத் தொடுங்க." "ஒரு சிஸ்டர் கூட இருக்கட்டும்." இது திமிர் இல்லை, உங்க உரிமை. நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார்.

9/ கற்பனை ராஜ்யத்து வம்ச வரிசையைத் தாராளமா படிங்க. கூடவே நம்ம ஊர் வரிசையையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. சொல்லும்போது ராஜா பேரோட நிறுத்திடாதீங்க.