‘நான் ஊரோடு’ என்பவர்கள்

அரபு மொழியில் ‘இம்மஅ’ என்றொரு சொல் உண்டு. தனக்கெனக் கருத்தேதும் இல்லாமல், எதிர்ப்படுவோரிடமெல்லாம் ‘நான் உம்மோடு’ என்று சொல்லித் திரிபவனுக்கு அரபிகள் இட்ட பெயர் அது. அப்படி ஆகிவிடாதீர்கள் என்னும் எச்சரிக்கை திர்மிதீயில் நபிமொழியாக இடம்பெற்றுள்ளது. ஹதீஸ் கலை வல்லார் சிலர் அதனை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கூற்றாகக் கொள்வர். எவ்வாறாயினும், நம் ஊர்த் திருமணப் பேச்சுகளைக் கேட்டுவிட்டுச் சொன்னது போலவே இருக்கிறது.

கைக்கூலி கூடாது என்பதை அறியாதவர் நம்மில் யார்? 1961இல் நாட்டின் சட்டமும் அதனைத் தடுத்தது. ஆயினும் மகனுக்குப் பெண் பேசும் நாள் வந்ததும், “ஊர் வழக்கத்தை நாம் ஒருவர் மாற்றிவிட முடியுமா?” என்கிறோம். ‘ஊர் ஓடினால் ஒத்தோடு’ என்பதே அன்றைக்கு நமக்கு வேதமாகிவிடுகிறது! மூதாதையர் வழியை விடமாட்டோம் என்றோரைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம், 170ஆம் வசனம், கண்டிக்கிறது. அழகாக ஓதுகிறோம்; யாரோ பழங்காலத்தவருக்கு வந்ததென்று கடந்துவிடுகிறோம்.

“பெண் வீட்டார் மனமுவந்து தருகிறார்களே!” என்பார் உளர். மனமுவத்தலைப் பற்றி மறையும் பேசத்தான் செய்கிறது; ஆனால் எந்தத் திசையில்? அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்குமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. அதிலிருந்து அவளே விரும்பி விட்டுக்கொடுத்தாலன்றி அவன் தொடுதற்கில்லை. கொடுக்க வேண்டியவன் கை நீட்டி வாங்கிக்கொண்டு, கடன்பட்டுக் கொடுத்த தகப்பனின் முகத்தில் உவகையைத் தேடுகிறான்.

மாப்பிள்ளையைக் கேட்டால், “வாப்பா சொல்லைத் தட்டலாமா?” என்கிறார். சட்டையும் கைபேசியும் வாங்கும்போது இந்தப் பணிவு எங்கே போயிருந்ததோ!

இன்னொரு சாரார், “ஜமாஅத்தை விட்டுப் பிரிந்து நிற்பது மார்க்கமா?” என்று மடக்குவர். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்துதான் நிற்கிறோம். இமாம் குனியக் குனிகிறோம். ஆனால் அதே தொழுகையில் இமாம் மறந்து தவறினால், பின்னிற்பவன் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று குரல் கொடுத்து உணர்த்த வேண்டும் என்பதும் சட்டம். ஸஃப்பில் உள்ள அத்தனை பேரும் வாய்மூடி நின்றாலும் அந்த ஒருவன் சொல்லலாம். அவனை ஜமாஅத்தை உடைத்தவன் என்று எந்த ஃபிக்ஹு நூலும் கூறவில்லை. தன் கூட்டத்தார் அனைவரையும் எதிர்த்து நின்ற இப்ராஹீம் (அலை) அவர்களை அந்நஹ்ல் அத்தியாயம், 120ஆம் வசனம், ‘உம்மத்’ என்கிறது. வழிகாட்டி என்றும் அதற்கு விரிவுரை உண்டு. சமுதாயம் என்பதே அச்சொல்லின் பெருவழக்கு.

கைக்கூலித் தொகையில் இத்தனை விழுக்காடு எனப் பள்ளிவாசலே பங்கு பெற்ற ஊர்களும் உண்டு. அத்தகைய ஓர் ஊரில் நான் நிக்காஹ் ஓதச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை எதுவும் வாங்கவில்லை. “பையனுக்கு ஏதும் குறையிருக்குமோ?” என்று பந்தலில் கிசுகிசுத்தார்கள். தஃப்தர் எழுதியவர் அந்தக் கட்டத்திற்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “கோடு போடுங்கள்” என்றேன். முத்தவல்லியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கோடு போட்டார்.