விருந்தும் வினாவும்

"பெர்லின் சென்று திரும்பிவிட்டார்!"

"பேரறிஞர் ஆகிவிட்டாரா?"

"ஆகாமல் இருப்பாரா? இருபது பக்கத்தில் கட்டுரை தீட்டியிருக்கிறார். அதிலே பத்துப் பக்கம் பனி, ஐந்து பக்கம் காப்பி, மிச்சம் ஐந்து பக்கம் தாம் கைகுலுக்கிய கனவான்களின் பட்டியல்."

நண்பர்கள் இருவர் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் சிந்தனை பிறந்தது. பனியையும் காப்பியையும் பார்த்துவரவா ஒரு நாடு தன் கருவூலத்தைத் திறந்து, கடல் கடந்த அறிஞர்களை வரவழைக்கிறது?

ஜெர்மானியக் கல்விப் பரிமாற்றக் கழகம் 1925இல் தோன்றியது. கோத்தே நிலையம் 1951இல் தோன்றியது. இவற்றின் ஆதரவால், இன்றைய ஜெர்மன் இலக்கிய வாழ்வை நேரில் கண்டறிய அயல்நாட்டுப் பேராசிரியர்கள் அங்கே கூடுகின்றனர். பெர்லினில் வான்சே ஏரிக்கரையில் ஓர் அழகிய மாளிகை. 1963இல் வால்ட்டர் ஹோலரர் நிறுவிய இலக்கிய மன்றம் அது. மார்பாக்கில், கவிஞன் ஷில்லர் பிறந்த ஊரில், 1955 முதல் இயங்கும் கையெழுத்துப் படிக் காப்பகம். பிராங்க்பர்ட்டில், 1949 முதல் நடைபெறும் புத்தகச் சந்தை. பார்க்கவேண்டியவைதாம். பார்ப்பது பழுதென்று நாம் பகரவில்லை. நமக்கு விமானச் சீட்டு வரவுமில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பொறாமை என்று எவரேனும் சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு வேடிக்கை. கோத்தே நிலையத்துக்கு இந்தியாவிலே மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். அந்த மாக்ஸ் முல்லர், வாழ்நாளெல்லாம் இந்திய ஏடுகளை ஆராய்ந்தவர்; ஆனால், இந்திய மண்ணை ஒரு நாளும் மிதித்தவரல்லர். ஆக்ஸ்போர்டில் அமர்ந்தபடியே ஒரு நாட்டைக் கண்டதாக எண்ணினார் அவர். நம் அறிஞர்களோ அந்நாட்டின் மண்ணை மிதித்தும் மாளிகைக்கு வெளியே எதையும் காணாது திரும்புகின்றனர். இவ்விரு வகைக்கும் வேற்றுமை என்ன? பயணச் செலவுதான்!

அந்த மாளிகையிலேயே கேட்கத் தக்க கேள்வி ஒன்று உண்டு. எழுத்தாளன் எப்படிச் சோறு தின்கிறான்? கலைமகள் கடாட்சம், பிறவிப் பேறு என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. 1983 முதல் அந்நாட்டில் கலைஞர் சமூகக் காப்பு என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. தனித்துத் தொழில் செய்யும் எழுத்தாளன் தன் மருத்துவக் காப்புக்கும் முதுமை ஓய்வூதியத்துக்கும் பாதித் தொகை கட்டுகிறான். மறுபாதியில், அவன் எழுத்தால் பிழைக்கும் பதிப்பகங்களும் பிற நிறுவனங்களும் 30 விழுக்காடு கட்டுகின்றன. நடுவண் அரசு 20 விழுக்காடு தருகிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஆலை முதலாளி பங்கு கட்டுவது போல, கவிஞனுக்குப் பதிப்பகத்தார் கட்டுகின்றனர். கவிஞன் இறந்த பின் சிலை, இருக்கும்போது பட்டினி என்ற கொடுமைக்கு ஒரு நாடு கண்ட மருந்து இது. முழு மருந்து அல்லதான். ஆனால் மருந்து.

மற்றொன்று, நூல் விலைச் சட்டம். நெடுநாள் வணிக வழக்கமாக இருந்ததை 2002இல் சட்டமாகவே ஆக்கினர். புது நூலுக்குப் பதிப்பகம் ஒரு விலை குறித்துவிட்டால், பெருங்கடையும் அதே விலைக்கு விற்கவேண்டும், தெருமுனைச் சிறுகடையும் அதே விலைக்கு விற்கவேண்டும். பணம் படைத்தவன் விலையைச் சரித்துப் பக்கத்துக் கடைக்காரனை மூட்டை கட்ட வைக்க முடியாது. இவற்றை எழுதினாரா நம் பயணக் கட்டுரையாளர்? இல்லை. ஏரியில் அன்னங்கள் நீந்தியதை எழுதினார்.

இனி, அவர்கள் பெருமையோடு எடுத்துரைக்கும் கதைக்கு வருவோம். போர் முடிந்து நாடு இடிபாடாகக் கிடந்த 1947இல், ஹான்ஸ் வெர்னர் ரிக்டர் எழுத்தாளர்களைக் கூட்டினார். '47 குழு' என்று பெயர் பெற்றது அது. எழுதியவன் முன்னே வந்து அமர்ந்து படிக்கவேண்டும். படித்து முடித்ததும் மற்றவர்கள் கிழிப்பார்கள். அவன் வாய் திறந்து மறுமொழி கூறலாகாது. அந்த நாற்காலிக்கு 'மின்சார நாற்காலி' என்று கேலிப் பெயரும் உண்டு! ஹைன்ரிஷ் பொல் 1951இல் அக்குழுவின் பரிசு பெற்றார். இங்கபோர்க் பாக்மன் அம்மையார் 1953இல். குந்தர் கிராஸ் 1958இல். புகழுரையும் பொன்னாடையுமாக நடக்கும் இலக்கியக் கூட்டங்களைக் கண்டு சலித்த நமக்கு இந்த நாற்காலி மிகவும் பிடிக்கிறது.

பிடிக்கிறது என்பதற்காக விழுந்து வணங்கவேண்டுமா? 1952இல், பால்டிக் கடலோரத்து நீன்டார்ப் என்ற ஊரில், அதே குழுவின் முன் ஒரு கவிஞன் படித்தான். பெயர் பால் செலான், யூதன். தாயையும் தந்தையையும் நாசிகளின் முகாமிலே பறிகொடுத்தவன். அந்தப் பிணக்காட்டைப் பாடிய அவன் கவிதையைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். கோயபல்சின் குரலோடு அவன் படித்த முறையை ஒப்பிட்ட வாயும் அங்கே இருந்தது. கொன்றவன் குரலைக் கொலையுண்டவர்களின் மகனிடம் கண்டுபிடித்த செவியை என்னென்பது! கருத்தரங்கில் நாற்காலியின் பெருமையைக் கேட்கும் அறிஞர், நீன்டார்ப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டால் குடி முழுகிவிடுமா?

கிராஸ் இருக்கிறாரே, அவர் நாட்டின் மனச்சான்று என்று போற்றப்பட்டவர். 1999இல் நோபல் பரிசு பெற்றவர். அடுத்தவர் மறைத்த நாசிக் கறையையெல்லாம் தோண்டித் தோண்டிக் காட்டியவர். தாமே பதினேழு வயதில் ஹிட்லரின் வாபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006இல்தான் வெளியிட்டார். எழுதிய நூல்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால், கற்பூரம் கொளுத்தியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டனர்.

ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தது. 'விருந்தாளித் தொழிலாளர்' என்று அவர்களுக்குப் பெயரிட்டனர். விருந்தாளிக்கு வேலை கொடுக்கும் வீட்டை உலகம் அன்றுதான் கண்டது! அவர்களுள் எழுத்தாளர்களும் இருந்தனர். அராஸ் ஓரன் என்பார் 1973இலேயே, பெர்லினின் கிராய்ஸ்பெர்க் பகுதியில் உள்ள நௌனின் தெருவைக் களமாக்கி நெடுங்கவிதை ஒன்று வெளியிட்டார். நாடு அதிர்ந்ததா? இல்லை. 1985இல் குந்தர் வால்ராப் என்ற ஜெர்மானியர், மீசை வைத்து, கறுப்பு விழிவில்லை அணிந்து, அலி என்ற துருக்கியனாக வேடம் புனைந்து, தாம் பட்ட அவதியை நூலாக்கினார். அது இலட்சக் கணக்கில் விற்றது; நாடே அதிர்ந்தது. வால்ராப்பின் துணிவை நாம் பாராட்டுகிறோம். ஆனால், அடிபட்டவனே சொன்னபோது கேளாத காது, வேடக்காரர் சொன்னபோது கேட்டதே, அந்தக் காதைப் பற்றியல்லவா ஆராய்ச்சி நடக்கவேண்டும்?

அதே 1985இல் ஷமிஸ்ஸோ பரிசு தொடங்கப்பட்டது; ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொள்ளாது, ஜெர்மனில் எழுதுவோருக்கென்றே தனியாக ஒரு பரிசு. அதனால் பலர் பயன் பெற்றனர், மறுக்கவில்லை. எனினும் நமக்குத் தனிப்பந்தி என்றால் என்னவென்று தெரியும். இலையிலே பண்டங்கள் குறைவின்றி இருக்கும். இடம் மட்டும் வேறாக இருக்கும். நோக்கம் நிறைவேறிவிட்டது என்று கூறி 2017இல் அதை நடத்தியவர்களே நிறுத்திவிட்டனர்.

எமினே செவ்கி ஓஸ்தமார் அம்மையாரைப் பாருங்கள். 1965இல், ஜெர்மன் தெரியாத இளம்பெண்ணாக, பெர்லின் தொழிற்சாலையில் கூலியாக வந்து சேர்ந்தார். 1991இல் கிளாகன்பர்ட் நகரில் பாக்மன் பரிசு. 2022இல் ஜெர்மன் இலக்கியத்தின் தலைசிறந்த பியூக்னர் பரிசு. தொழிற்சாலை வாயிலிலிருந்து அந்த மேடைக்கு வந்துசேர 57 ஆண்டுகள்! மேடையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, ஆண்டுகளை எண்ணாமல் எழுந்துவிடுவதா ஆராய்ச்சி?

விருந்தினரை வழக்கமாக அழைத்துச் செல்லும் இடம் ஒன்று உண்டு: பெர்லினின் பேபல் சதுக்கம். 1933 மே 10 அன்று நாசிகள் நூல்களைக் கொளுத்திய இடம். எரிக் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர் கூட்டத்தில் நின்று தம் நூல்கள் எரிவதைத் தம் கண்ணாலேயே கண்டார். அங்கே 1995இல் மீக்கா உல்மன் அமைத்த நினைவிடம் தரைக்கடியில் இருக்கிறது. கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால் வெற்று அலமாரிகள். 20,000 நூல்கள் அடங்கும் வெற்றிடம். கல்நெஞ்சும் கரையும்.

குனிந்து பார்த்த தலை நிமிர்ந்ததும் கேட்கவேண்டியதைக் கேட்கிறதா? 2023 அக்டோபரில், பிராங்க்பர்ட் சந்தையில், பாலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லி அம்மையாருக்கு அவருடைய நாவலுக்காகப் பரிசளிப்பதாக இருந்தது. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய படுகொலைக்குப் பிறகு விழாவைத் தள்ளிவைத்தனர். அந்தக் கொலைக்கும் அந்த நாவலுக்கும் என்ன தொடர்பு? ஆசிரியரோடு கலந்து எடுத்த முடிவு என்று முதலில் கூறினர். அவர் தரப்பு அதை மறுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டன மடலில் ஒப்பமிட்டனர். ஓல்கா டோகார்சுக், அப்துல்ரசாக் குர்னா, அன்னி எர்னோ ஆகிய நோபல் பரிசாளரும் அவர்களுள் உண்டு. நூலை எவரும் கொளுத்தவில்லை, உண்மை. கொளுத்தாதது ஒன்றே போதும் என்று சொல்வதற்கா தரைக்கடியில் அலமாரி வைத்தார்கள்?

"இலக்கியக் கருத்தரங்கில் இதெல்லாம் எதற்கு? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?" என்று கேட்பார் நம் கட்டுரையாளர். நண்பரே, உம்மை அழைத்தவர்கள் உமது வயிற்றை அழைக்கவில்லை, அறிவை அழைத்தார்கள். மின்சார நாற்காலியிட்டுத் தம் எழுத்தாளரையே உட்காரவைத்துக் கிழித்த மக்கள், உமது கேள்வியைக் கேட்டா மூர்ச்சையடைவார்கள்?

அடுத்த ஆண்டும் கருத்தரங்கு கூடும்; நம்மவர் சிலர் செல்வர். பேபல் சதுக்கத்திலிருந்து நௌனின் தெருவுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான் தூரம். வண்டியோட்டியிடம் சொல்லி அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இறங்கி, அங்கே குடியிருப்பவர்களிடம் என்ன படிக்கிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். அன்னங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினாலும் நாம் ஆட்சேபிக்கமாட்டோம்.