லென்ஸ் என்னும் உறுதிமொழி

புதிய கேமரா வெளியானால் அது செய்தியாகிறது. புதிய லென்ஸ் வெளியாவதை ஒளிப்பட ஆர்வலர்களைத் தவிரப் பிறர் கவனிப்பதில்லை. ஆனால், உயர்விலைக் கேமரா நிறுவனங்களின் விற்பனையைப் பல நேரங்களில் தீர்மானிப்பது லென்ஸ்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் இயங்கும் லைக்கா நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று.

லைக்கா 1954-இல் வெளியிட்ட எம்3 கேமராவில் லென்ஸைப் பொருத்தும் அமைப்பான 'எம் மவுன்ட்' இன்றும் தொடர்கிறது. அக்காலத்து லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை 2022-இல் வெளியான எம்11 டிஜிட்டல் கேமராவிலும் பொருத்தலாம். இது வாடிக்கையாளருக்கு வரம். நிறுவனத்துக்கோ வரமும் சுமையும். பழைய லென்ஸ் நன்றாக உழைக்கும்போது புதியதை வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. லைக்காவின் புதிய லென்ஸுக்கு முதல் போட்டியாளர் லைக்காவின் பழைய லென்ஸே.

அப்படியிருந்தும் எம் வரிசையில் புதிய லென்ஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் விற்பனை வருவாய் மட்டுமே இதற்குக் காரணமல்ல. 'இந்த அமைப்பைக் கைவிட மாட்டோம்' என்ற உறுதிமொழியை ஒவ்வொரு புதிய லென்ஸும் புதுப்பிக்கிறது. பல லட்சம் ரூபாய் செலவிட்டுக் கேமரா வாங்குபவர் எதிர்பார்ப்பது அந்த உறுதியைத்தான். 2009-இல் 'ஆர்' வரிசைக் கேமராக்களை லைக்கா நிறுத்தியபோது, அந்த லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றனர். 2012-இல் அறிவிக்கப்பட்ட எம் கேமராதான் இணைப்பான் மூலம் அவர்களுக்கு வழிகாட்டியது.

2015-இல் 'எஸ்எல்' கேமரா அறிமுகமானபோது, அதற்கெனவே உருவான லென்ஸ் ஒன்றே ஒன்றுதான் உடன் வந்தது. கேமரா எவ்வளவு சிறந்ததாயினும், லென்ஸ்கள் போதாவிட்டால் வாங்குபவர் தயங்குவார். 2018-இல் பானசோனிக், சிக்மா நிறுவனங்களுடன் லைக்கா 'எல் மவுன்ட்' கூட்டணி அமைத்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். குறைந்த விலை சிக்மா லென்ஸ்கள் தன் லென்ஸ் வருவாயில் ஒரு பங்கைப் பறிக்கக்கூடும். ஆனால், லென்ஸ்கள் பெருகினால்தான் கேமரா விற்கும்.

லென்ஸைக் கழற்ற முடியாத 'கியூ' வரிசை வேறொரு வழி. 2023-இல் 28 மி.மீ. லென்ஸுடன் வந்த கியூ3, அடுத்த ஆண்டே 43 மி.மீ. லென்ஸுடன் தனி மாடலாக வெளியானது. இங்கே லென்ஸை மட்டும் வாங்க முடியாது. லென்ஸ் மீதான ஆசை முழுக் கேமராவின் விற்பனையாகிறது. 2024-25 நிதியாண்டில் லைக்காவின் வருவாய் சுமார் 59.6 கோடி யூரோவை எட்டியது. செல்பேசித் துறைக் கூட்டுறவும் நிறுவனத்தின் வருவாய்க்குத் துணைநிற்பதால், இந்த வளர்ச்சி முழுவதையும் லென்ஸின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இந்த வழியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எம் கேமரா பழையதானாலும் அதன் லென்ஸ் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். கியூ கேமரா காலாவதியானால் லென்ஸும் அதனுடன் முடங்கும். தலைமுறை தாண்டி உழைக்கும் என்ற நம்பிக்கையை முதலாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம், இன்றைய லாபத்துக்காக அந்த முதலைக் கரைத்துவிடக் கூடாது.