பழவேற்காட்டு வெயிலில் ஐஸ் தயாரிக்கலாம்

திருவள்ளூர் மாவட்டம், பழவேற்காடு ஏரியில் பிடித்த இறால் கரைக்கு வந்ததும் மீனவர் முதலில் தேடுவது ஐஸைத்தான். ஐஸ் இல்லையென்றால் வியாபாரி சொன்னதே விலை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊர்களில் அந்த ஐஸைச் சூரிய மின்சாரத்தில் தயாரிப்பது பற்றி மீனவ மக்கள் யோசிக்க வேண்டும்.

வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்த மத்திய அரசு 2024 முதல் கிலோவாட்டுக்கு ரூ.30,000 மானியம் தருகிறது. மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000. நல்ல திட்டம்தான். ஆனால் தமிழகத்தில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள குப்பத்து வீட்டுக்குத் தனித் தகட்டால் பெரிய மிச்சம் இராது. மேலும் கீற்றுக் கூரை தகட்டைத் தாங்காது. ஊர் சேர்ந்து பொதுவில் செய்வதே லாபம்.

ஒரு டன் ஐஸுக்குச் சுமார் 60 முதல் 80 யூனிட் மின்சாரம் தேவை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஆக, 20 கிலோவாட் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒரு டன் ஐஸ் கிடைக்கும். இதற்குச் சுமார் 200 சதுர மீட்டர் இடம் போதும். பகலில் உறைந்த ஐஸை இரவில் பயன்படுத்தலாம் என்பதால், விலை அதிகமான பேட்டரி பெரிதாகத் தேவைப்படாது.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சுமார் ரூ.1.55 கோடியில், பெரும்பகுதி வங்கிக் கடனாகப் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை அமைத்தது. மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று வரும் பணத்தில் கடனைக் கட்டியது. பழவேற்காட்டு மக்களுக்கு இத்தகைய கூட்டு நிர்வாகம் புதிதல்ல. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் 'பாடு' முறையில் ஊரே கூடி முறை வைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். ஐஸையும் அவ்வாறே பகிரலாம்.

ஒன்றில் மட்டும் பாடு முறையைப் பின்பற்றக் கூடாது. பாட்டில் எல்லாருக்கும் உரிமை கிடையாது. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர்களுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் ஐஸில் பங்கு இல்லையென்றால், அதைப் பொது ஆலை என்று சொல்ல முடியாது. கணக்குப் புத்தகமும் பெண்கள் குழுவிடம் இருப்பது நல்லது.

உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும். எனவே அலுமினியச் சட்டங்களோ, நன்கு துத்தநாகம் பூசியவையோ வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை மறக்காமல், தகடுகளைக் கான்கிரீட் தளத்தில் உறுதியாகப் பிணைக்க வேண்டும். ஏரிப் பறவைகளின் எச்சமும் உப்புப் படிவும் மின் உற்பத்தியைக் குறைக்கும்; வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஏரித் தண்ணீர் உதவாது.