இறவா உடன்பிறப்புகளும் வாசகர் தீர்ப்புகளும்

நூல் ஒன்று, வாசகர் பலர். ஒரே நூல் ஒருவர்க்கு ஆறுதலாகவும், மற்றொருவர்க்கு அச்சமாகவும், வேறொருவர்க்கு வெறுப்பாகவும் அமைதல் இலக்கிய உலகம் நெடுங்காலமாகக் கண்டு வரும் உண்மையாகும். நகை முதலாக உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டென வகுத்துத் தனி இயலே அமைத்தார் தொல்காப்பியர். ஆயினும் உணர்ச்சி தோன்றுதல் வாசிப்பின் தொடக்கமே. அதற்குக் காரணம் காணும்போதுதான் வாசிப்பு நிறைவுறுகின்றது. 'சாண்ட்மேன்' என்னும் ஆங்கிலச் சித்திரப் புதினம் பெற்ற வரவேற்பும் எதிர்ப்பும் இதற்குத் தக்க சான்றாகும்.

நீல் கெய்மன் எழுத, ஓவியர் பலர் வரைந்த இத்தொடர் 1989 முதல் 1996 வரை 75 இதழ்களாக வெளிவந்தது. 1991ஆம் ஆண்டில் இதன் 19ஆம் இதழ் உலகக் கற்பனை இலக்கிய விருதினைப் பெற்றது. அதுகாறும் எந்தச் சித்திரக் கதையும் அவ்விருதைப் பெற்றதில்லை. விதி, மரணம், கனவு, அழிவு, வேட்கை, நிராசை, பித்து ஆகிய எழுவரும் 'முடிவிலிகள்' எனப்படும் உடன்பிறப்புகள். கனவின் தலைவனே கதைத் தலைவன். இது சிறுவர் படக்கதை அன்று. முதிர்ந்த வாசகர்க்கென்றே வெளியிடப்பட்டது.

இவர்களுள் வாசகரை மிகுதியும் ஈர்த்தவள் மரணம். 8ஆம் இதழில் தோன்றும் அவள் கோரப் பல்லும் பாசக் கயிறும் உடையவள் அல்லள். இறப்போர் கையைக் கனிவோடு பற்றி அழைத்துச் செல்லும் இளம்பெண். உற்றாரை இழந்து வருந்திய வாசகர் பலர் இவளால் ஆறுதலுற்றனர். இறப்பை அழகுபடுத்தல் தகுமோ என வினவியோரும் உளர். மலக்குல் மவ்த்தை நம்பும் நம்மவருள்ளும் இவ்வையம் எழக்கூடும். அக்கதையிலேயே இதற்கு விடை உண்டு. முடிவிலிகள் தெய்வங்கள் அல்லர், வணங்கப்படுவோரும் அல்லர். பெயர்தான் முடிவிலி, கதையின் இறுதியில் கனவின் தலைவனே மாள்கின்றான். தான் இழைத்த செயல்களின் விளைவிலிருந்து அவனாலும் தப்ப இயலவில்லை. படைக்கப்பட்ட எதுவும் நிலையன்று என்னும் உண்மைக்கு இக்கற்பனை பகையாகாது.

இரண்டாம் எதிர்ப்பு நிறம் பற்றியது. ஏட்டில் மரணம் சுண்ணாம்பு வெண்மையாகத் தீட்டப்பட்டிருந்தாள். 2022இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட திரைத்தொடரில் அவ்வேடத்தைக் கறுப்பினப் பெண்மணி கெர்பி ஏற்றார். 2021இல் இச்செய்தி அறிவிக்கப்பட்டதுமே, மூலத்தைச் சிதைத்துவிட்டனர் என்று ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். மூலம் யாது சொல்கின்றது? 9ஆம் இதழில் ஆப்பிரிக்க அரசியின் முன் கனவு கறுப்பு நிறத்தவனாகத் தோன்றுகின்றான். 18ஆம் இதழில் பூனையின் முன் பூனையாகவே நிற்கின்றான். காண்போர்க்கேற்ற வடிவம் கொள்வதே அவ்வுடன்பிறப்புகளின் இயல்பு. மூலத்தின் பெயரால் சினந்தவர்கள் மூலத்தை மறந்தனர் என்பதே இதிலிருந்து தெளிவாகும். பற்று மிகுந்த வாசகரும் படித்ததைக் கைவிட்டு, தம் மனத்தில் பதிந்த படத்தையே காப்பதுண்டு.

நம் சமூகத்தார் சிறப்பாக எண்ணத்தக்கது 1993இல் வந்த 50ஆம் இதழ். 'ரமளான்' என்பது அதன் தலைப்பு. கிரெய்க் ரசல் வரைந்தது. தம் பொன்னகராம் பக்தாது காலத்தால் அழியுமே என அஞ்சும் கலீஃபா ஹாரூன் அல்ரஷீத், அது கதையில் என்றும் வாழும்படி கனவின் தலைவனிடம் அதனைக் கையளிக்கின்றார். இதனைப் பேரழகுப் படைப்பென்று போற்றினோர் மிகப் பலர். பறக்கும் கம்பளமும் பூதமும் அந்தப்புரமுமே முஸ்லிம் உலகமா என்று கடிந்தோரும் உளர். இக்கண்டனத்தில் நியாயம் உண்டு. 762இல் அடித்தளமிடப்பட்ட அந்நகரின் மெய்யான பெருமை மொழிபெயர்ப்பிலும் மருத்துவத்திலும் கணிதத்திலும் காகிதத்திலும் இருந்தது. மாயங்கள் மட்டுமே நினைவில் நிற்பின் அறிஞர்கள் மறக்கப்படுவர்.

எனினும் இறுதிப் பக்கங்களைப் படியாது தீர்ப்பளித்தல் முறையன்று. பொன்னகர் மறைய, போரில் இடிந்த இன்றைய பக்தாது விரிகின்றது. 1991ஆம் ஆண்டுப் போரின் புகை அடங்காத காலத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. இதுவரை நாம் படித்த கதை ஒரு சிறுவனுக்கு முதியவர் ஒருவர் சொன்னதே என்பது அங்கேதான் புலனாகின்றது. பசித்த வயிற்றோடு, இடிபாடுகளுக்கிடையே, அந்நகரை நெஞ்சில் சுமந்து அவன் நடக்கின்றான். குண்டு விழுந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஒரு பொற்காலம் உண்டு என்று மேலைநாட்டு வாசகர்க்கு உணர்த்தியது அப்பக்கம். மிகைக் கற்பனையைக் குறைகூறுவோர் இதனையும் சேர்த்தே நிறுத்தல் வேண்டும்.

மற்றுமொன்று. 2024 முதல் பெண்கள் பலர் நூலாசிரியர் மீது பாலியல் குற்றச்சாட்டுகளை எழுப்பியுள்ளனர். அவர் அவற்றை மறுத்துள்ளார். இதன்பின் நூலை மூடிவைத்த வாசகரும் உண்டு. அது அவரவர் மனச்சான்றின் முடிவு. அதனைப் பழித்தல் ஆகாது. ஆனால் ஆசிரியரைப் பற்றிய தீர்ப்பும் நூலைப் பற்றிய தீர்ப்பும் ஒன்றென மயங்குதல் கூடாது. நூலின் அழகு ஆசிரியர்க்குச் சான்றாகாது; ஆசிரியர் மீதான பழி நூலைப் படித்ததாகவும் ஆகாது.

கிஸ்ஸாவும் மசலாவும் படைத்துத் தமிழ் வளர்த்த சமூகம் நம்முடையது. கற்பனை நமக்குப் புதிதன்று, அஞ்சத்தக்கதும் அன்று. மாணவர்களே, ஒரு நூலைப் போற்றினாலும் தூற்றினாலும் எந்தப் பக்கம் உங்களை அவ்வாறு சொல்ல வைத்தது என்று காட்டுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கையில் அயல்நாட்டுக் கற்பனை நூலைக் காணுங்கால் பறிப்பதற்கு முன், அது அவர்தம் வயதுக்கு ஏற்றதா எனப் பாருங்கள். ஏற்றதாயின் எந்தப் பக்கம் பிடித்தது என்று கேளுங்கள். அவ்வினாவிற்கு விடை சொல்லப் பழகிய தலைமுறை எந்த நூலாலும் வழிதவறாது என்பது நம் துணிபு.