பனிக்கு அடியில் போனவை

“பழங்குடிகளின் சூழல் அறிவு செவிவழிச் செய்தி, விஞ்ஞானி அளந்து சரிபார்த்த பிறகே அதற்கு மதிப்பு.” இதுதான் வாதம். சரிபார்ப்பு வேண்டும் என்பதில் சண்டையில்லை. மீதியெல்லாம் தவறு.

1. அலாஸ்காவின் வில்தலைத் திமிங்கிலங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருப்பதாகக் கணக்கிட்டு, 1977இல் சர்வதேச திமிங்கில ஆணையம் இனுபியட் பழங்குடி மக்களின் வேட்டையைத் தடைசெய்தது. பனிவிளிம்பில் நின்று, கண்ணில் பட்டவற்றை எண்ணிய கணக்கு அது. வேட்டையாடிகள் மறுத்தார்கள்: திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் போகின்றன, கரையிலிருந்து வெகுதொலைவிலும் போகின்றன. 1980களில் விஞ்ஞானிகள் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். வேட்டையாடிகள் சொன்னது உண்மை. 1993க்கான மதிப்பீடு சுமார் 8,000.

ஒலிவாங்கியை இறக்கக் காரணமான கருதுகோள் யாருடையது? கருதுகோள் அறிவியலில் சேராதா?

2. “பழங்குடிகளிடம் நீண்டகாலத் தரவு இல்லை” என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு வசந்தத்திலும் பனிமேல் காத்திருந்தவர்களிடம் இல்லாத தரவா, சில பருவங்கள் வந்துபோனவர்களிடம் இருந்தது?

3. வேட்டையாடிகளும் தவறலாம். ஆம். எண்ணிய விஞ்ஞானிகளும் தவறினார்கள். அதற்காக உயிரியலை யாரும் செவிவழிச் செய்தி என்று ஒதுக்கவில்லையே?

ஆய்வுத் திட்டம் எழுதும்போதே அந்த மக்களை அழையுங்கள். முடிவெடுத்த பிறகு ஒப்புதல் கையெழுத்துக்காக அல்ல.